மண்ணுக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு படம்

பழைய கேமரா நல்லதா, புதிய கேமரா நல்லதா என்று என்னைக் கேட்டால், புதியதுதான் என்று யோசிக்காமல் சொல்லுவேன். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் காலத்துச் சாமான்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவது வழக்கம். என்னால் அது முடியாது. வேளாண்மை அலுவலகத்தில் பதினோரு வருஷம் என் கழுத்தில் தொங்கிய கேமரா, ஒரு நல்ல மனுஷியை ஊர் முன்னால் பொய்க்காரியாக நிறுத்தியது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைக் கேட்டவள் முத்துச்செல்வி. நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த உதவி வேளாண்மை அலுவலர், கடம்பூர்க்காரி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வயலில் படம் எடுப்பது பற்றி வகுப்பு நடத்தும்படி அவளுக்கு உத்தரவு. அவள் கணவர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். தொழில்காரர்கள் வைத்திருக்கும் புதிய பெரிய கேமரா ஒன்று அவரிடம் இருக்கிறது. என் பழைய கேமரா அலுவலக பீரோவில் கிடந்திருக்கிறது. இரண்டையும் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு பொட்டலம் போளியோடு, கோவில்பட்டியில் என் வீட்டுக்கு வந்தாள்.

"மேடம், ரெண்டையும் ஒரே வயல்ல வச்சு எடுத்து, பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டலாம்னு பாக்குதேன். எந்த வயல்னு நீங்களே சொல்லுங்க."

"பசுவந்தனைக்குக் கிழக்க, சண்முகத்தாய் வயலு" என்றேன். அவள் கேட்டு முடிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

நான் பிறந்தது புதியம்புத்தூரில், தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே. அண்ணன்மார் துணி வெட்டினார்கள், மதினிமார் தைத்தார்கள். நான் மட்டும் விவசாயப் பட்டயம் படித்துவிட்டு அரசாங்க வேலைக்கு வந்தேன். முதல் பதினைந்து இருபது வருஷத்தில் விரித்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. விதை, உரம், கூட்டம், அறிக்கை, பஸ். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று மேலிடம் சொன்ன பிறகுதான் கேமரா வந்தது. கேமரா வகையிலேயே கடைசிப் படி, பழகுகிறவர்களுக்கென்று விற்பது. ஆறு மெகாபிக்சல். முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. வெயிலில் அந்தத் திரையைப் பார்த்தால் நம் மூக்குதான் தெரியும். முதல் வருஷமே ஒருவர் அதை பைக்கிலிருந்து கீழே போட்டதில் பிளாஷ் மூடி இறுகிவிட்டது, பிறகு திறக்கவே இல்லை. கூட வந்த புத்தகத்தை அலுவலகத்தில் பொறுமையாகப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தக் குற்றத்துக்காகக் கேமரா என் கழுத்தில் ஏறியது.

எங்கள் உதவி இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளிலும் கையில் கறுப்புக் குடை இருக்கும். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று இருக்கும். நாம் எழுதிய அறிக்கையை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்து "வாசிங்க" என்பார். சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்: "பாத்ததா, கேட்டதா?" பார்த்தது என்றால் பச்சை மையில் ஒரு சின்ன டிக். கேட்டது என்றால் யாரிடம், என்றைக்கு என்று ஓரத்தில் எழுதச் சொல்லுவார். அவருடைய அறைக்குள் போகும்முன் நான் எழுதியதில் பாதியை நானே அடித்துவிட்டுப் போன நாட்கள் உண்டு.

படத்துக்கும் அவர் முறை வைத்திருந்தார். விவசாயி தன் வயலுக்குள் நிற்க வேண்டும், பாதம் தெரிய வேண்டும். சர்வே நம்பர் எழுதிய சிலேட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். பாழான செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் காலடியில் போட வேண்டும். பின்னால் நகராத சாமான் ஒன்று இருந்தே ஆக வேண்டும்: பனையோ, கரண்டுக் கம்பமோ, காற்றாலையோ. "ஆளு நகருவாவ, சிலேட்டு நகரும். மரம் நகராதுல்லா" என்பார். இந்த முறையில் நான் இன்றும் குறை காண மாட்டேன். முறை சரியாக இருந்தும் மோசம் போனோம் என்பதுதான் விஷயம்.

அந்த வருஷம் உளுந்து நெற்றாகி, நாளைக்குப் பிடுங்கலாம் என்று நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. செடியில் இருந்தபடியே நெற்றுக்குள் பயறு முளைத்துவிட்டது. ஐந்தாம் நாள் நான் படம் எடுக்கப் போனேன். மழை குடித்த கரிசலில் செருப்போடு இறங்கினால் பத்தடியில் செருப்பு நின்றுவிடும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். என் செருப்பும் நின்றது. முழங்கை வரை சகதிக்குள் விட்டுத் தோண்டி எடுத்துக் கொடுத்தவள்தான் சண்முகத்தாய். அம்மா வழியில் வந்த நிலம் அவள் பேரில் இருந்தது. புருஷனுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை. நெடுநெடுவென்று வளர்ந்தவள், நல்ல கறுப்பு, வாய் ஓயாது. ஊர்ப் பெண்களை வரிசையில் நிறுத்தியதும், ஒவ்வொருத்திக்கும் சிலேட்டில் நம்பர் எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

கடைசியாகத்தான் அவள் தன் வயலில் நின்றாள். பின்னால் வெள்ளை வெளேரென்று மேகம், அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் காற்றாலை. முதல் படத்தில் அவள் முகம் கரிக்கட்டையாக விழுந்தது. அதற்கு முந்தின மாதம்தான் "ஆள் அடையாளம் தெரியவில்லை" என்று என் படங்கள் சில மேலிடத்திலிருந்து திரும்பி வந்திருந்தன. அதனால் கேமராவை மண் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, வெளிச்சத்தைக் கூட்டும் பிளஸ் பொத்தானை நாலைந்து தடவை தட்டி மறுபடி எடுத்தேன். முகம் பளிச்சென்று வந்தது. மூக்குத்திகூட மின்னியது.

"நல்லா விழுந்துருக்கா மேடம்?"

"சினிமாக்காரி மாதிரி இருக்கீங்க" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. கூடவே இரண்டு படங்கள். ஒன்று பயிர் பச்சையாக நின்ற கார்த்திகையில் நானே எடுத்தது: வரிசைகளுக்கு நடுவே கறுப்பு மண், பின்னால் காற்றாலை. இன்னொன்று அந்த மழைக்குப் பிறகு எடுத்தது. அதில் மண் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஈரம் இருந்த அடையாளமே இல்லை. வானம் வெறும் வெள்ளைத் தாள், காற்றாலையைக் காணோம். சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள்: மண் வேறு, ஈரம் இல்லை, காற்றாலை எங்கே? வேறு யாருடைய நிலத்திலோ நின்று படம் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. மற்றப் பெண்களின் படங்களில் பின்னால் பனையும் கம்பமும் இருந்தன. அவை கறுப்பு என்பதால் தப்பித்துவிட்டன. சண்முகத்தாயின் பேர் மட்டும் சந்தேகப் பட்டியலில் ஏறி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. நேரில் போய்க் காட்டவும் வழியில்லை. மண் காய்ந்து, அவள் உழுதும் போட்டுவிட்டாள்.

சார் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "வாசிங்க."

வாசித்தேன்.

"இந்தப் படத்துல இருக்கது நீங்க பாத்த மண்ணா?"

"இல்ல சார். நான் பாத்த மண்ணு கறுப்பு. காலெல்லாம் சகதி."

"அப்போ படம் பொய் சொல்லுதா, நீங்க சொல்லுதீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்தவளைக் கேட்கிற கேள்வியா இது? காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் உறைத்தது, அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, உண்மையிலேயே பதில் வேண்டித்தான் கேட்டார் என்று.

மறுநாள் சண்முகத்தாய் அலுவலகத்துக்கே வந்தாள். அன்று அவள் அதிகம் பேசவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம், நான் எங்கன நின்னேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க செருப்பத் தோண்டிக் குடுத்தவ நான்."

"தெரியும்க்கா. படத்துலதான் ஏதோ…"

"நெவாரணம் வராட்டா போகுது. செவுத்துல இருந்து எம் பேர எடுங்க. எம் மவ அந்தச் செவுரத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறா. கூடப் படிக்கிற பிள்ளைய வாசிச்சுக் காட்டுதுகளாம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்தப் படத்த ஒருக்க காட்டுங்களேன். அப்பிடி என்னதான் இருக்குன்னு நானும் பாக்குதேன்."

கோப்பில் இருக்கிறது, காட்டக் கூடாது என்றேன். விதி அப்படித்தான். ஆனால் விதி இல்லாவிட்டாலும் காட்டியிருக்க மாட்டேன், அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவள் படி இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் துணி வாங்கினால் தெருவுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்க்காமல் வெட்ட மாட்டார்கள். கடை விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும் என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் தீப்பெட்டித் திரையை நம்பினேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம். அன்று மத்தியானம் சாருடைய குடையை வாங்கிக்கொண்டு அலுவலக முற்றத்துக்குப் போனேன். குடையை விரித்துத் தரையில் வைத்து, கேமராவை அதன் போக்கில் விட்டு ஒரு படமும், பிளஸ் தட்டி ஒரு படமும் எடுத்தேன். உள்ளே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், குடை சாம்பல் நிறம். பிளஸ் தட்டி எடுத்ததில் வெளுத்துப்போன பழந்துணி நிறம்.

புத்தகத்தில் இருந்ததுதான், எனக்குத்தான் புத்தியில் ஏறவில்லை. கேமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். பச்சைப் பயிர் நிற்கும்போது அதன் கணக்கு சரியாக வந்தது. இலை கொட்டிக் கறுப்பு மண்ணே பெரும்பகுதி தெரிந்தபோது, ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று அதுவாக வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டது. அதன் தலைமேல் நானும் முகத்துக்காக ஏற்றினேன். மண் வெளுத்தது, வானத்தோடு சேர்ந்து வெள்ளைக் காற்றாலையும் கரைந்தது. வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை மேகத்துக்கு நேரே பிடிக்கும்படி அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லி அதையும் எடுத்தேன். படத்தில் கை மட்டும் இருந்தது.

சாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இத எழுதிக் குடுப்பீங்களா? குடுத்தா, இந்த மாசம் நீங்க எடுத்த எல்லாப் படத்தையும் திரும்பப் பாப்பாவ. ஒங்க பதிவேட்டுலயும் ஏறும்." கட்டாயப்படுத்தவில்லை. குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு வேறு கோப்பை எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பதவி உயர்வு பரிசீலனையில் இருந்த வருஷம் அது. பொய் சொல்வானேன், ஒரு மணி நேரம் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதாமல்தான் இருந்தேன். அந்தப் பிள்ளை சுவரைத் தாண்டிப் போவதை நினைத்த பிறகு கை ஓடியது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வாசிங்க" என்றார். வாசித்தேன். 'முகம் தெரிய வேண்டும் என்பதற்காக நான் வெளிச்சத்தைக் கூட்டினேன். அதனால் மண்ணின் நிறமும் பின்னணியும் மாறின. விவசாயி நின்றது அவருடைய நிலத்தில்தான்.'

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பாத்ததா, கேட்டதா?"

"செஞ்சது சார்."

கண்ணைத் திறந்தார். அந்தக் காகிதத்தில் இருந்த அளவு பெரிய பச்சை டிக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் தூத்துக்குடிக்குக் கேமராவோடும் குடையோடும் அவரும் நானும் போனோம். மேலதிகாரியின் மேஜை மேலேயே குடையை விரித்து அவரையே படம் எடுக்கச் சொன்னார் சார். அந்த அதிகாரி எடுத்தார், பார்த்தார், மறுபடி எடுத்தார், சிரித்துவிட்டார். அந்த வாரமே பேர் சுவரிலிருந்து இறங்கியது, நிவாரணமும் பிறகு வந்தது. எனக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. ஒட்டின காகிதத்தை நானே போய்ச் சுரண்டி எடுத்தேன். பசை காய்ந்து அதன் தடம் மட்டும் சுவரில் கொஞ்ச நாள் இருந்தது.

அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் ஒரு வயலுக்கு இரண்டு படம். மைனஸ் தட்டி மண்ணுக்கு ஒன்று, பிளஸ் தட்டி ஆளுக்கு ஒன்று. மண் படத்தில் ஆள் நிழலாக நிற்பார், ஆள் படத்தில் மண் சாம்பலாகக் கிடக்கும். இரண்டிலும் ஒரே சிலேட்டு இருக்கும், அதை வைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெறும் நாள் வரை அப்படித்தான் எடுத்தேன். ஆளும் அவருடைய மண்ணும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூட அந்தக் கேமராவால் எனக்குக் கிடைக்கவில்லை.

போன ஐப்பசியில், முத்துச்செல்வி வீட்டுக்கு வந்த அன்றைக்கே, அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு மறுபடி அந்த வயலுக்குப் போனேன். விதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் மழையில் மண் கறுகறுவென்று கிடந்தது, மேலே அதே வெள்ளை மேகம், அதே காற்றாலை. சண்முகத்தாய்க்குத் தலை நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே.

"என்ன மேடம், ரிட்டேர்டு ஆனப்பொறவும் விட மாட்டேங்குதீங்க!" என்று சிரித்தாள். மகள் நர்சு வேலையில் இருக்கிறாள், நேற்றுத்தான் போன் பேசினாள் என்றாள். சிலேட்டைக் கேட்டு வாங்கி, நம்பரை அவளே எழுதி, பழகின காலால் வயலுக்குள் போய் நின்றாள்.

முதலில் என் பழைய கேமரா. அன்றைக்குச் செய்த மாதிரியே பிளஸ் தட்டினேன். முகம் வந்தது, மண் வெளுத்தது, காற்றாலை போனது. அதன் குணம் மாறவில்லை.

பிறகு புதியது. கையில் வாங்கியதும் கனம் மணிக்கட்டை இறக்கியது. கண்ணை வைத்தால், பட்டனை அமுக்கும் முன்பே படம் எப்படி விழும் என்பது உள்ளே தெரிகிறது. இந்த ஒரு வசதி அன்றைக்கு இருந்திருந்தால் இவ்வளவு கதையே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அதன் போக்கில் விட்டபோது இதுவும் மண்ணைக் கொஞ்சம் வெளுக்கத்தான் பார்த்தது. ஆனால் வெளுப்பது என் கண்ணுக்கே தெரிந்தது. மைனஸ் பக்கம் சக்கரத்தைத் திருப்பினேன். மேகத்திலிருந்து காற்றாலை மெல்லப் பிரிந்து வந்தது, மண் கறுத்தது. முகமும் சேர்ந்து கறுத்துவிடும் என்று நினைத்தேன். முத்துச்செல்வி ஏதோ ஒரு வசதியைப் போட்டுவிட்டாள், இருட்டுக்குள் இருப்பதை மட்டும் தூக்கிக் கொடுப்பதாம் அது. முகம் நின்றது. மூக்குத்தி மின்னியது. சண்முகத்தாயின் கறுப்பு ஒரு கறுப்பாகவும், மண்ணின் கறுப்பு வேறு கறுப்பாகவும் இருந்தன. பின்னால் காற்றாலையின் மூன்று இறக்கைகளையும் எண்ணலாம். அமுக்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முத்துச்செல்வி பார்க்காத மாதிரி போளிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சண்முகத்தாயைக் கூப்பிட்டு இரண்டு கேமராவையும் அவள் கையில் கொடுத்தேன். "அன்னைக்குக் கேட்டீங்கல்லா, படத்தக் காட்டுங்கன்னு. இந்தா இருக்கு. அன்னைக்கு எடுத்ததும் இந்தப் பழைய கேமராவுல இருக்க மாதிரியேதான் விழுந்துருந்துச்சு."

பழைய திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, முந்தானையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ஏ மேடம்! இதப் பாத்தா நானே நம்பியிருக்க மாட்டேனே! இது எவ வயலுடீன்னு நானே கேட்டுருப்பேன்!"

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. இத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது அந்தச் சிரிப்பில் இறங்கிவிட்டது. பிறகு புதிய கேமராவின் திரையைப் பார்த்தாள். இப்போது சிரிக்கவில்லை. தன் முகத்தைத் தொடவில்லை, விரலால் மண்ணைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கனதான் நின்னேன்" என்றாள்.

முத்துச்செல்வி கேமராவைப் பைக்குள் வைக்கப் போனாள். சண்முகத்தாய் தடுத்தாள்.

"இரும்மா. இன்னும் ஒண்ணு எடுங்க. ஆபீசுக்கு வேண்டாம், எம் மவளுக்கு அனுப்ப."

சிலேட்டை வரப்பில் வைத்துவிட்டு மறுபடி வயலுக்குள் நடந்தாள். அதே இடத்தில் நின்றாள். சிலேட்டு இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தாள், கீழே விட்டாள், கடைசியில் இரண்டையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள்.